அம்பாசிடருக்கு மின்கண்ணாடி

எங்கள் வீட்டு அம்பாசிடருக்கு எங்களைவிட வயது அதிகம். 1984-இல் தாத்தா வாங்கிய வெள்ளை நிற மார்க் 4. அதன் கண்ணாடிகளுக்கு மோட்டார் வைக்கப் போவதாக அப்பா சொன்னதும், எப்போதும் சண்டை போடும் அக்காள் தங்கையாகிய நாங்கள் இருவரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றி, வங்காளத்தின் உத்தர்பாராவில் பல்லாண்டுகள் தயாராகி, 2014-இல் நின்றுபோன வண்டி அது. இருப்பதையாவது உள்ளபடியே விட்டுவைக்கக் கூடாதா என்பது எங்கள் கட்சி.

அப்பா விவாதிக்கவில்லை. "ஆச்சி கையைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஆச்சிக்கு மூட்டுவாதம். விரல்கள் கோணிவிட்டன. காரில் காற்று வராவிட்டால் தலை சுற்றும். ஆகவே முன் சீட்டில் இடப்பக்கம்தான் உட்காருவார்கள். கைப்பிடியைச் சுற்ற முடியாமல் முழங்கையால் தள்ளுவார்கள். பாதி இறங்கியதும், "போதும்மா, காத்து வருது" என்பார்கள். எங்கள் கட்சி அன்றே கலைந்தது.

ஆனால் ஆச்சியே எதிர்க்கட்சி ஆனார்கள்! "உங்க தாத்தா ஓட்டின வண்டியில ஓட்டை போடவா?" என்று கோபித்தார்கள். நல்ல வேளையாக அதற்கு வழி இருந்தது. கைப்பிடி மாட்டும் பல்லுள்ள தண்டிலேயே பொருந்தும் சிறு மோட்டார் கிடைக்கிறது. கை செய்த வேலையை அது செய்யும். உள்ளே இருக்கும் பழைய இரும்புக் கைகளை மாற்ற வேண்டியதில்லை. தேவையானால் கழற்றிவிட்டுக் கைப்பிடியையே திரும்ப மாட்டலாம். இதைக் கேட்டபின் ஆச்சி சம்மதித்தார்கள்.

மெக்கானிக் அண்ணன் கதவின் உள்தட்டியைக் கழற்றியபோது நாங்கள் டார்ச் பிடித்தோம். உள்ளே நாற்பது வருடத் தூசி. கண்ணாடி ஓடும் தடத்திலிருந்த மெத்தைத் துணி காய்ந்து கட்டையாகியிருந்தது. "இப்படியே மோட்டாரை மாட்டினால் திணறிச் சூடாகிவிடும்" என்றார். மோட்டார் மாட்டியது கொஞ்ச நேரம். தடத்தைச் சுரண்டி, புதுத் துணி ஒட்டி, பற்சக்கரத்திற்குக் கிரீஸ் தடவியதுதான் அன்றைய பகலெல்லாம். கதவைத் திறந்து மூடும்போது ஒயர் உராய்ந்து அறுபடாமல் ரப்பர் குழாய்க்குள் விட்டார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைத்தார். எங்கள் காரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் முன்பே இருந்ததால் மின்சாரத்திற்குக் குறைவில்லை.

மின்கண்ணாடி புதுமை என்று நினைத்திருந்தோம். 1940-லேயே அமெரிக்காவின் பாக்கார்டு கார்களில் வந்துவிட்டதாம்!

ஸ்விட்ச் விஷயத்தில் மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. தோழியரே, தம்பி தங்கை உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். அமுக்கினால் மேலேறும் ஸ்விட்சின்மேல், தலையை வெளியே நீட்டிய குழந்தையின் முழங்கால் பட்டால் போதும், கண்ணாடி கழுத்தை நெரித்துவிடும். வெளிநாடுகளில் அப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். தடை பட்டால் தானாக இறங்கும் வசதி எங்கள் மோட்டாரில் கிடையாது. ஆகவே விரலால் மேல்நோக்கி இழுத்தால்தான் ஏறும் ஸ்விட்ச் வாங்கினோம். சாவி போடாமல் வேலை செய்யாதபடியும் வைத்தாயிற்று. ஆச்சிக்கு இறக்கத்தானே வேண்டும்? அதற்கு ஒரு விரல் அமுக்கினால் போதும்.

பின் கதவுகளில் மோட்டார் வைக்கவில்லை. வெள்ளத்தில் மாட்டி மின்சாரம் நின்றாலும் கையால் திறக்க இரண்டு கதவாவது இருக்கட்டும் என்றார் அப்பா. கழற்றிய கைப்பிடிகள் டிக்கியில் ஸ்பானரோடு இருக்கின்றன.

முதல் நாள் ஆச்சி பாளையங்கோட்டை மார்க்கெட் வரை கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தார்கள். "தாத்தாவுக்கு இந்தச் சத்தம் பிடிக்காதுட்டி" என்று சொல்லிவிட்டு, முழுதாக இறக்கிக் கையை வெளியே வைத்துக்கொண்டார்கள். அம்மா உடனே, "அத்தை, கையை உள்ளே எடுங்க!" என்றார்.