மூங்கில் கூடும் முட்டை இறாலும்

பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று மகள் கைப்பேசியை நீட்டினாள். அமெரிக்காவின் வடக்குக் காடுகளில் கூடாரம் போட்டுத் தங்கிய ஒரு குடும்பம், ஆற்றில் கம்பிக் கூண்டு போட்டு ‘கிரேஃபிஷ்’ பிடிக்கும் காணொளி. பார்ப்பதற்குக் குட்டி சிங்கி இறால் மாதிரி, முன்னால் இரண்டு பெரிய கொடுக்கு. “நாமும் போய்ப் பிடிக்கலாமாப்பா?” என்றாள்.

“அது நம்ம ஊர் ஆற்றில் கிடையாதும்மா” என்றேன். உண்மைதான். இந்தியாவிலும் சரி, மலாயாவிலும் சரி, இயற்கையாக அந்த இனமே இல்லை. நம் மீன் தொட்டிக் கடைகளில் நீல நிறத்தில் விற்கிறார்களே, அது வட ஆஸ்திரேலியாவிலிருந்தும் பாப்புவா நியூ கினியிலிருந்தும் வந்தது. அதன் அறிவியல் பெயரின் முதல் பாதி ‘செராக்ஸ்’ என்று சொன்னதும், செராஸில் பிறந்து வளர்ந்த என் மகனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். “அது இல்லாட்டி என்ன? இறால் இருக்கே. கூடு நான் கட்டுறேன்” என்றார்.

எழுபது வயதைத் தாண்டிய அப்பா கேரித் தீவில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். லங்காட் ஆறு கடலில் சேரும் இடம் அது. தீவின் பூர்வகுடிகளான மா மெரி மக்களில் ஒருவரிடம்தான், சிறுவனாக இருந்தபோது மூங்கில் கூடு பின்னக் கற்றாராம். மலாய்க்காரர்கள் ‘புபு’ என்று சொல்லும் கூடு. தமிழ்நாட்டு ஆற்றங்கரைகளில் ‘பறி’ என்பார்கள். தேசம் வேறானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்று வாரம் எங்கள் அடுக்குமாடி வீட்டு நடைபாதை முழுக்க மூங்கில் சிராய். பக்கத்து வீட்டுச் சீன அம்மா, விளக்குக்கு மூடி செய்கிறார் என்று நினைத்து, தனக்கும் ஒன்று கேட்டார். பிளந்த மூங்கில் குச்சிகளைப் பிரம்பு வளையத்தில் வரிசையாகக் கட்டி, நீள உருளையாக்கினார் அப்பா. வாயில் உள்நோக்கிச் சரியும் கூர்மையான குச்சிகள். புனல் மாதிரி. உள்ளே போகும் இறாலுக்கு அவை வளைந்து கொடுக்கும், திரும்பி வர வழி விடாது. பின்பக்க மூடியை மட்டும் நைலான் கயிற்றில் கட்டாமல் பருத்தி நூலில் கட்டினார். காரணம் கேட்டதற்கு, “அங்கே போய்ச் சொல்றேன்” என்றார்.

பதினெட்டாம் கட்டைக்கு அப்பால்

செராஸ்வாசிகளுக்கு உலு லங்காட் பக்கத்து வீடு மாதிரி. ஒன்பதாம் கட்டையில் பிரிந்து உள்ளே போனால் பதினான்காம் கட்டை, அதைத் தாண்டினால் டூசுன் துவா வெந்நீர் ஊற்று, பிறகு பதினெட்டாம் கட்டை. மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருடமாகியும் இந்தக் கட்டைக் கணக்கு மட்டும் போகவில்லை. அதிலிருந்து சுங்கை சோங்காக், சுங்கை லூய், பங்சூன் என்று ஆற்றோர இடங்கள் வரிசையாக வரும். வடகிழக்கே சிலாங்கூரின் மிக உயர்ந்த மலையான நுவாங் நிற்கிறது. உயரம் 1,493 மீட்டர்.

சனிக்கிழமை மதியம் கிளம்பினோம். வழியில் கோழிக் குடல் கொஞ்சம், தேங்காய் ஒன்று வாங்கிக்கொண்டோம். நாங்கள் தங்கியது சுங்கை லூய் பக்கம் ஒரு தனியார் முகாம். கூடு போடலாமா என்று அங்கிருந்த பாக்சிக்கிடம் முதலில் அனுமதி கேட்டோம். மூங்கில் கூட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இது சரி. மருந்தும் கரண்டும்தான் கூடாது” என்றார். விஷம் கலந்தோ மின்சாரம் பாய்ச்சியோ மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். வனத்துறைப் பூங்காவிலோ வேறு எங்கேயோ கூடு போட நினைப்பவர்களும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மாலை ஆறு மணிக்கு அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கினார். குடலையும் தணலில் வாட்டிய தேங்காய்ச் சில்லையும் உள்ளே வைத்தார். மகன் கூட்டின் வாயை நீர் வரும் பக்கமாகத் திருப்பி வைக்கப் போனான்.

“அப்படி இல்லடா ஐயா. இரையோட வாசம் தண்ணியோட கீழே போகும். அந்த வாசத்தைப் பிடிச்சுக்கிட்டு இறால் கீழேருந்து மேலே வரும். அப்ப வாசல் எந்தப் பக்கம் இருக்கணும்?”

அவன் யோசித்துக் கூட்டைத் திருப்பினான். மேலே இரண்டு கல்லை ஏற்றி, கரையோர வேரில் கயிறு கட்டினோம். இரண்டாவது கூட்டைக் கொஞ்சம் கீழே, பாறை மறைவில் வைத்தோம்.

இரவு உணவுக்குப் பிறகு டார்ச் லைட்டோடு ஆற்றோரம் நடந்தோம். வெளிச்சத்தைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தால் கற்களுக்கு நடுவே செம்மஞ்சள் புள்ளிகள் இரண்டிரண்டாக மின்னும். அவை இறாலின் கண்கள். மகள் சின்ன வலையை முன்னால் கொண்டுபோனாள், இறால் விசுக்கென்று பின்னால் பாய்ந்து மறைந்தது. “இறால் பின்பக்கமாத்தான் ஓடும். வலை அதோட வாலுக்குப் பின்னாடி இருக்கணும்” என்றார் அப்பா. நான்காவது தடவை ஒன்று சிக்கியது. விரல் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. கிரேஃபிஷுக்கு முதல் ஜோடிக் கால்தான் பெரிய கொடுக்கு, நம் ஆற்று இறாலுக்கு இரண்டாவது ஜோடி. பார்த்து முடித்துத் தண்ணீரில் விட்டுவிட்டாள்.

ஆற்றின் சத்தம் மாறியபோது

இரவு இரண்டு மணி இருக்கும். அப்பா என்னை உலுக்கி எழுப்பினார். “சத்தம் மாறுது, கேளு.”

எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லை. ஆனால் மலைப்பக்கம் மின்னியது. சலசலவென்று இருந்த ஆறு இப்போது அடித்தொண்டையில் உறுமுவது மாதிரி கேட்டது. விளக்கடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. ‘கெப்பாலா ஆயர்’ என்று நாம் செய்தித்தாளில் படிக்கும் திடீர் வெள்ளம் இப்படித்தான் தொடங்கும். கூடாரம் மேட்டில்தான் இருந்தது. இருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டோம். பாத்திரம் பண்டம் எதையும் எடுக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்து இளைஞர்களையும் எழுப்பினோம். அரை மணி நேரத்தில், மாலையில் நாங்கள் உட்கார்ந்து தேநீர் குடித்த பாறை தண்ணீருக்குள் போய்விட்டது.

காருக்குள் மகன் அழ ஆரம்பித்தான். பயத்தினால் என்று நினைத்தேன். “கூடு அடிச்சிட்டுப் போனா உள்ளே இருக்கிற இறாலெல்லாம் வெளியே வர முடியாம செத்துப்போகுமே, தாத்தா?” என்றான்.

அப்போதுதான் அப்பா பருத்தி நூலின் கதையைச் சொன்னார். ஆற்றோடு போன கூடு சும்மா இருக்காது. உள்ளே மாட்டியது சாகும், அந்த நாற்றத்துக்கு அடுத்தது வரும், அதுவும் சாகும். ஆளே இல்லாமல் கூடு பிடித்துக்கொண்டே இருக்கும். பருத்தி நூல் என்றால் சில வாரத்தில் நைந்து அறுந்து மூடி திறந்துகொள்ளும். மூங்கிலும் நாளடைவில் மக்கிவிடும். “இந்த முறை சிலது போகலாம். ஆனா வருஷக்கணக்கா கொல்லாது” என்றார். மகன் முழுசாகச் சமாதானமாகவில்லை. எனக்கும்தான். நாங்கள் இரண்டாவது கூட்டுக்குப் போட்ட முடிச்சு சரியாக இறுகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பது இறால், ஒரு தாய்

காலை பத்து மணி வரை யாரையும் ஆற்றில் இறங்க விடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், மேல் கூடு வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. கீழ்க் கூட்டைக் காணோம். அரை கிலோமீட்டர் வரை கரையோரமாகத் தேடினோம், கிடைக்கவில்லை. பார்த்தால் எடுத்து வைப்பதாகப் பாக்சிக் சொன்னார்.

கிடைத்த கூட்டில் ஒன்பது இறாலும் ஒரு சின்ன நண்டும் இருந்தன. மகள் ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றினாள். ஒன்றின் வயிற்றடியில் மட்டும் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எண்ணிவிடலாம் போலப் பெரிது பெரிதாக இருந்தன. அப்பா அதை உள்ளங்கையில் தண்ணீரோடு ஏந்தி வெகுநேரம் பார்த்தார்.

“கேரித் தீவுல நாங்க பிடிச்சது இந்தச் சாதி இல்ல. உடாங் காலா. நீலக் கொடுக்கு, முழங்கை நீளம். அதுல முட்டைக்காரியைத்தான் முதல்ல பொறுக்குவோம். முட்டை ருசி. ஆத்துல அது குறைஞ்சதுக்குப் பிறகுதான் யோசிச்சேன், நாங்க எத்தனை ஆயிரத்தை வறுத்துத் தின்னிருக்கோம்னு.”

வீடு திரும்பியபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். உடாங் காலா நன்னீரில் வாழும் இறால். ஆனால் அதன் குஞ்சு நன்னீரில் பிழைக்காது, உப்பு கலந்த நீர் வேண்டும். தாய் இறால் முட்டைகளைச் சுமந்துகொண்டு முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். நன்றாக வளர்ந்த தாய் ஒரே ஈட்டில் எண்பதாயிரம் முட்டைக்கும் மேல் சுமக்கக்கூடும். பொரிந்த குஞ்சுகள் தலைகீழாக, வால் முன்னே போக நீந்தும். பதினொரு பருவம் கடந்து இறால் வடிவம் பெற்றதும், வந்த ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறத் தொடங்கும்.

இந்த உப்பு நீர் ரகசியத்தை உலகுக்குச் சொன்ன இடம் நம் பினாங்குதான். 1960களின் தொடக்கத்தில் குளுகோர் ஆய்வு நிலையத்தில், ஐநா உணவு வேளாண்மை நிறுவனத்தின் நிபுணர் ஷாவ் வென் லிங் இதைக் கண்டுபிடித்தார். 1965இல் மலேசியாவிலிருந்து ஹவாய்க்குப் போன தாய் இறால்களை வைத்துத்தான் தக்குஜி ஃபுஜிமுரா பெருமளவில் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கினார். இன்று பல நாடுகளில் நடக்கும் நன்னீர் இறால் பண்ணைத் தொழிலுக்கு அதுவே அடிப்படை.

மலை ஓடை இறால்களில் சில இனங்கள் வேறு வழி கண்டுகொண்டன. முட்டை சில டஜன்தான், ஆனால் பெரிது. அதற்குள்ளேயே குஞ்சு பெரும்பகுதி வளர்ந்துவிடும். கடலைப் பார்க்காமலே தலைமுறை ஓடும். அப்பா கையில் இருந்ததும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். அதற்கு இந்த ஓடை போதும். உடாங் காலாவுக்கு முழு ஆறும் வேண்டும்.

அந்த முழு ஆறு எது? நுவாங் மலைப்பக்கம் பிறந்து, உலு லங்காட் வழியாக நம் பதினோராம் கட்டைப் பக்கம் வந்து, காஜாங், டெங்கில், பந்திங் தாண்டிக் கேரித் தீவில் கடலைத் தொடும் லங்காட். மேலே ஓர் அணை. நடுவே நகரங்கள், தொழிற்பேட்டைகள். ஆற்றில் ஏதோ நாற்றம் என்று சுத்திகரிப்பு நிலையத்தை மூடி, செராஸில் நாம் வாளியோடு தண்ணீர் லாரிக்கு நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். நமக்கு லாரி வந்தது. தாய் இறால் இறங்கவும் குஞ்சு ஏறவும் இந்த ஆற்றை விட்டால் வேறு வழி இல்லை. அப்பா வறுத்துத் தின்ற கணக்கைச் சொல்கிறார். நாம் சாக்கடையில் ஊற்றுகிற கணக்கை எங்கே எழுதுவது?

முட்டைக்காரியை மகள் கையாலேயே, இழுப்பு இல்லாத கல் இடுக்கில் விட்டோம். நண்டும், மிகச் சிறியதாக இருந்த இரண்டு இறாலும் கூடவே போயின. மீதி ஆறு. மஞ்சள், மிளகாய்த் தூள், உப்பு போட்டு மனைவி வறுத்தாள். ஆளுக்கு ஒன்று, மிஞ்சிய ஒன்று மகனுக்கு. ஆற்று இறாலையும் நண்டையும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும், அரைவேக்காட்டில் ஒட்டுண்ணி இருக்கலாம். காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள், எலிக் காய்ச்சல் பயம் உண்டு. மீன் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன ‘செராக்ஸை’ மட்டும் தயவுசெய்து ஆற்றில் விட்டுவிடாதீர்கள். ஜொகூர் பக்க ஆறுகளில் அது ஏற்கெனவே பரவியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் சின்ன இறால்களுக்கு இன்னொரு எதிரி வேண்டாம்.

தொலைந்த கூடு பற்றிப் பாக்சிக்கிடமிருந்து இதுவரை தகவல் இல்லை. மகன் நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டு வைத்திருக்கிறான். நூல் அறுந்திருக்கும் என்று தாத்தா சொன்ன நாள் அது.

நடைபாதையில் மறுபடியும் மூங்கில் சிராய். இந்தத் தடவை குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே அப்பா தன் சுண்டுவிரலை வைத்து அளந்து கட்டுகிறார். குட்டிகள் தானாகவே வெளியேறிப் போகும் அளவுக்கு இடைவெளி. முடிச்சுப் போடும் வேலையை மகனிடம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முடிச்சையும் அவன் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறான்.