"லேடி டாக்டர் இருக்காங்களா?"

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகளுக்கு நாள் தள்ளிப்போனால், மாமியார் கேட்கும் முதல் கேள்வி இது. இன்று "இருக்காங்க" என்று உடனே பதில் வந்துவிடும். பதிலே வராத ஓர் இரவும் இருந்தது.

ராணிப்பேட்டையில் 1870-ல், அமெரிக்க மிஷனரி டாக்டர் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள திண்டிவனம் வந்திருந்தார். டாக்டராகும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை.

ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரில் ஒருவர் பிராமணர், இன்னொருவர் முஸ்லிம். மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். தன் அப்பா டாக்டர் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். காலையில் தெரிந்தது, மூன்று பெண்களுமே உயிரோடு இல்லை.

ஐடா மறுபடி அமெரிக்கா போனார். 1899-ல் கார்னெல்லில் டாக்டர் பட்டம். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு மருத்துவமனை.

பிரச்னை தீர்ந்ததா? யோசித்துப் பாருங்கள். திண்டிவனத்தில் அன்றைக்கே அவர் டாக்டராக இருந்திருந்தாலும், ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்கு எப்படி ஓடியிருப்பார்?

அதனால்தான் வைத்தியத்தோடு நிற்காமல், சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார். 1909-ல் நர்ஸ் பயிற்சி. 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. 1922-ல் முதல் அணியாக 14 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஒரு டாக்டர் இருந்த இடத்தில் பதினைந்து பேர்! 1947-ல்தான் அங்கே ஆண் மாணவர்களைச் சேர்த்தார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி. மகப்பேறு, குழந்தைகள் நலம், சமுதாய மருத்துவம் என்று மேற்படிப்புகளும் இப்போது அங்கே உண்டு.

ஆனாலும், பிளஸ் டூ முடித்த மகள் "நர்ஸிங் படிக்கிறேன்" என்றால், "நைட் டியூட்டி எல்லாம் இருக்குமே?" என்று தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

வலி ராத்திரியிலும்தானே வரும்? மருமகளுக்கு லேடி டாக்டர் வேண்டுமென்றால், யாரோ ஒருவர் வீட்டு மகள் அன்றைக்குக் கண்விழிக்க வேண்டும். அது உங்கள் வீட்டு மகளாகவும் இருக்கலாமே!