ஹிரோஷிமாவில் ஒரு பகல்

யப்பான் சென்றபோது, ஹிரோஷிமா நகரில் ஒரு பகற்பொழுதைக் கழித்தேன். 1945 ஆகஸ்ட் 6ஆந் திகதி காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வீழ்ந்த நகரம் அது. மூன்றாம் நாளே அங்கு ட்ராம்வண்டி மீண்டும் ஓடத் தொடங்கிற்று. நானும் ட்ராமிலேறிச் சென்று, கூரையிழந்து எலும்புக்கூடாய் நிற்கும் குவிமாடக் கட்டடத்தைக் கண்டேன். அது எனக்குப் புதிய காட்சியன்று. 2009 தை மாதத்தில் தர்மபுரத்தை விட்டு நீங்கியவன் நான்.

ஹொன்டோரிக் கடைத்தெருவில் மகளுக்கு ஒரு விசிறி வாங்கினேன். நண்பகலில், மாவின்மேற் கோவாவும் முட்டையும் அடுக்கிச் சுடும் ‘ஒக்கொனொமியாக்கி’யை, இறைச்சி நீக்கித் தரும்படி வேண்டி உண்டேன். போரின் பின் பசித்த மக்கள், கிடைத்த கோதுமை மாவைக் கொண்டு வளர்த்த உணவு அது. எங்கள் கஞ்சி நினைவுக்கு வந்தது. கை சற்றே தயங்கிற்று.

அழிவின் சின்னத்தைக் காத்து, அதனருகிலேயே வாழ்வையும் வளர்த்துள்ளனர் அந்நகரத்தார். மாணவத் தம்பிகாள்! நாம் எதைக் காத்து வைத்துள்ளோம்?