வெள்ளச்சியின் கண் இமை

போன தடவை இந்தச் சுவரில் முந்திரிக்கொட்டை சுடுவதைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை எங்கள் வீட்டு ஆட்டைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள்.

அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி இரண்டு செம்மறி வாங்கினார்கள். அது பெருகி எட்டு ஆனது. அதில் மூத்தது வெள்ளச்சி. உடம்பெல்லாம் சிவப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. கார்த்திகை மழையில் தோப்புப் பக்கம் போக முடியாமல் ஏரிக்கரை ஓரமாகவே மேய்த்தோம். ஒரு நாள் சாயங்காலம் வெள்ளச்சியின் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. அமுக்கினால் உள்ளே தண்ணீர் மாதிரி குழைந்தது. "ஏதாச்சும் பூச்சி கடிச்சிருக்கும்" என்றார் அப்பா. ஆயாதான், "வெளியில இல்லடா, பூச்சி வயித்துக்குள்ள இருக்குது" என்றார்கள்.

ஆயாவிடம் ஒரு மருந்து உண்டு. சீரகம், கடுகு, மிளகு ஊறவைத்து, அதோடு பூண்டு, மஞ்சள், வேப்பிலை, தும்பை, வாழைத்தண்டு எல்லாம் சேர்த்து அரைத்து, வெல்லம் போட்டு உருட்டி மூன்று நாள் கொடுப்பார்கள். தேசிய பால்வள வாரியம் மாடுகளுக்குச் சொல்லும் மூலிகை மருந்திலும் ஏறக்குறைய இதே சரக்குகள்தான்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். அப்பா கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம் என்றார். நான், "இருங்கப்பா, மூணு நாள் பாக்கலாம்" என்று தடுத்தேன். அறிவியல் கண்காட்சிக்கு 'மாத்திரை இல்லாமல் குடற்புழு நீக்கம்' என்று சார்ட் எழுதி வைத்திருந்தேன். ஆயா மருந்தால் வெள்ளச்சி எழுந்து ஓட வேண்டும், அதை எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று ஆசை.

மூன்றாம் நாள் வெள்ளச்சி எழுந்திருக்கவே இல்லை. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனார். நான் தீப்பெட்டியில் புழுக்கை எடுத்துப் போனேன். டாக்டர் முதலில் கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். நோட்டுப் பேப்பர் மாதிரி வெளுத்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். முட்டை முட்டையாக எவ்வளவு! ஊசி போட்டார், மருந்து ஊற்றினார். அன்று ராத்திரியே வெள்ளச்சி செத்துப்போனது. அப்பா இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் புழுவின் பெயர் ஹீமோன்கஸ். ஆட்டுக்கு வயிறு நாலு அறை என்று படித்திருக்கிறோம் அல்லவா, அந்த நாலாவது அறையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் ஒரு நாளைக்கு 50 மில்லி ரத்தம் போய்விடும். ரத்தத்தில் சத்து குறைவதால்தான் தாடையில் நீர் இறங்குகிறது. ஒரு பெண்புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது புழுக்கையோடு விழுந்து, பொரித்து, குஞ்சுப்புழு ஈரப்புல்லில் ஏறி உட்கார்ந்திருக்கும். பனி காயும் முன்னே மேய விட்டால் புல்லோடு உள்ளே போகும். நாங்கள் அதைத்தான் தினமும் செய்தோம்.

ஆயா மருந்தை டாக்டர் குறை சொல்லவில்லை. வேம்பு, கருவேலம் மாதிரி துவர்ப்பான தழையில் டானின் இருக்கிறது, தொடர்ந்து தின்றால் புழு குறையும் என்றார். ஆனால் இமை வெளுத்த ஆட்டுக்கு அதை நம்பிக் காத்திருக்கக் கூடாதாம். இன்னொன்றும் கேட்டார்: "கடை மருந்து எப்படிக் குடுக்கறீங்க?" காசு மிச்சம் என்று ஒரே மருந்தைப் பாதிப் பாதியாக எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவோம். அப்படிச் செய்தால் பலமான புழு மட்டும் தப்பித்து, அதன் வம்சத்துக்கு அந்த மருந்தே ஏறாமல் போகுமாம். அல்பெண்டசோல்தான் அது. பிப்ரவரியில் நமக்குப் பள்ளியில் மென்று தின்னக் கொடுக்கிறார்களே, அதே மருந்துதான்!

தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஓர் அட்டை செய்திருக்கிறார்கள். பெயர் பாமாச்சா. பாபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறம். இமையை அதோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பார்கள். நான் வாட்டர் கலரில் அதே மாதிரி வரைந்தேன். "அச்சடிச்ச நிறம் மாதிரி வராதும்மா, இத வச்சு முடிவு பண்ணாத" என்று அறிவியல் சார் சொல்லிவிட்டார். சரிதான். அதனால் சந்தேகம் வந்தால் உடனே தீப்பெட்டியை எடுத்துவிடுகிறேன்.

கண்காட்சியில் பழைய சார்ட்டை வைக்கவில்லை. ஆயா இன்னமும் மருந்து அரைக்கிறார்கள். உருண்டையைத் தின்னாத குட்டிக்குக் கரைத்து ஊற்றும்போது, புரையேறாமல் இருக்கத் தலையை ரொம்பத் தூக்காமல் நான் பிடித்துக்கொள்கிறேன். வெயில் ஏறிய பிறகுதான் பட்டி திறக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு ஆட்டுக்கும் இமை பார்ப்பது என் வேலை. போன வாரம் வெள்ளச்சியின் குட்டிக்குக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் சைக்கிளை எடுத்துவிட்டார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி