ஹம் நகரிற் சில வாரம்

மேல்நாட்டுப் பயணஞ் செய்யும் நம்மவர் இலண்டனையும் பாரிசையும் கண்டு மீள்வதே பெருவழக்கு. மாநகரங்கள் வியப்பூட்டுவன, ஐயமில்லை. ஆயினும், வந்தேறியவன் வேரூன்றி வாழ்வதற்கு உகந்தது நடுத்தர அளவினதாகிய நகரமே என்பது நம் துணிபு. ஜேர்மனி நாட்டு ஹம் நகரிற் சில வாரம் தங்கியதன் பயனாக இத்துணிபு நமக்கு உண்டாயிற்று.

லிப்பே ஆற்றங்கரையில் 1226ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஊர் அது. இன்று ஏறக்குறைய 180,000 மக்கள் அங்கு வாழ்கின்றனர். பெரிய புகையிரதச் சந்தியாயினும், நிலையத்தை விட்டு வெளியேறினாற் கடைவீதியைக் கால்நடையாகவே சுற்றி வரலாம். நிலக்கரியால் வளம்பெற்ற அந்நகரின் கடைசிச் சுரங்கம் 2010இல் மூடப்பட்டது. அதற்கு முன்னரே, 1984இல், பழைய சுரங்கமொன்றின் நிலத்தைப் பூங்காவாக்கி, கரி கழுவிய கட்டடத்தைக் கண்ணாடி யானையாக மாற்றிவிட்டனர். பழையதை இகழாது அதற்குப் புதுப்பயன் காணும் பண்பினை அங்கே கண்டு மகிழ்ந்தோம்.

1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின் நம்மவர் பலர் ஜேர்மனியிற் புகலடைந்தனர். ஹம் நகரை அடைந்தோர் 1989இல் ஒரு வீட்டின் நிலவறையிற் காமாட்சி அம்பாளை வைத்து வழிபடலாயினர். அடியார் பெருகவே இடம் போதாதாயிற்று. வாகனங்களும் ஓசையும் அயலவர்க்கு இடையூறாயின. ஈற்றில் நகரின் தொழிற்பேட்டையிலே கோபுரத்துடன் கூடிய கோயில் எழுந்து, 2002இல் குடமுழுக்குக் கண்டது. இன்று தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா எங்கணுமிருந்து அடியார் ஆயிரக்கணக்கிற் கூடுகின்றனர். அயலிலுள்ள கால்வாயே அம்பாளுக்குத் தீர்த்தமாகின்றது. மாநகரில் இவ்வளவு இடம் எளிதிற் கிட்டாது. சிற்றூருக்கோ இவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் வசதியிராது.

கோயில் வீதியில், கொட்டாஞ்சேனையிலிருந்து பேரப்பிள்ளைகளைக் காண வந்திருந்த மூதாட்டி ஒருவரைச் சந்தித்தோம். ஊர் பிடித்திருக்கின்றதா என வினவினோம். "ஊர் நல்லது தம்பி, கதைக்கத்தான் ஆளில்லை" என்றார். மகனும் மருமகளும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. மாலையில் அவர்கள் பேசுவதோ ஜேர்மன் மொழி. திருவிழா நாட்களிலேதான் அவர் வாய்நிறையத் தமிழ் பேசினாராம். நகரின் வசதிகளை எண்ணி மகிழ்ந்த நமக்கு அச்சொல் நெஞ்சிற் தைத்தது.

நம் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒருகாலத்தில் வடக்கிலிருந்து உத்தியோகமும் வணிகமும் நாடி வந்த நம் முன்னோர்க்குப் புதிய இடங்களே. கோயிலும் பாடசாலையும் அமைத்து, மாலையிற் கூடிப் பேசியே அவற்றைத் தமது ஊராக்கினர். பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கற்றூண்கள் அதற்குச் சான்று. ஹம் நகரில் முதற்பணி நிறைவேறிவிட்டது. கூடிப் பேசும் இரண்டாம் பணி இன்னும் எஞ்சியுள்ளது.

மேல்நாடு செல்லும் மாணவர்காள்! இத்தகைய நகரொன்றைத் தயங்காது தேர்ந்து கொள்ளுங்கள். அங்கே தனித்திருக்கும் முதியவர் ஒருவரை வாரம் ஒருமுறை சென்று கண்டு, தமிழிற் பேசி வாருங்கள். அவருக்கும் உங்களுக்கும் அந்நகர் சொந்த ஊராகும்.