பாட்டி வைத்திருந்த படம்

காலை ஆறரை மணிக்குக் கடற்கரையில் காந்தி சிலையருகே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் புதுச்சேரியைச் சுற்றி வருகிற நடை. எனக்கு நடப்பதில் பிரியம் உண்டு. கும்பலோடு நடப்பதில் கிடையாது. ஆனால் எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு பாத்திரம் பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வந்து மாட்டிக்கொண்டிருந்தான். அவனை எந்தத் தெருவில் குடிவைப்பது என்று பார்க்க வேண்டியிருந்தது. போனேன்.

மொத்தம் எட்டுப் பேர். வழிகாட்டி சரித்திரம் படித்த பெண். இருபத்தைந்து வயது இருக்கும். எங்களோடு ஒரு வெளிநாட்டு அம்மாளும் இருந்தார், எழுபதைத் தாண்டியவர். புறப்படும்போதே, "இங்கே யூதர்களின் கோயில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொச்சி என்றால் சரி. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதக் கோயில் இன்னும் நிற்கிறது. சென்னையைக் கேட்டாலும் ஒப்புக்கொள்ளலாம். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பிய யூத வியாபாரிகள் கோட்டைக் காலத்தில் அங்கே இருந்தார்கள். 1688-ல் நகரசபை ஆரம்பமானபோது அதன் ஆல்டர்மன்களிலேயே யூதர்கள் உண்டு. புதுச்சேரியில் ஏது?

வழிகாட்டிப் பெண் சிரிக்கவில்லை. "கோயில் இல்லைங்கம்மா. ஆனா காட்டறதுக்கு இடம் இருக்கு" என்றாள்.

முதலில் நிறுத்தியது ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதிக்கு முன்னால். அந்தக் கட்டடத்தில் ஜன்னல் என்று எதையும் வெளியிலிருந்து காட்ட முடியாது. சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் குறுக்கே வரிவரியாகக் கான்கிரீட் பலகைகள். உள்ளேயிருந்து திருப்பினால் திறக்கும், மூடும். கடற்காற்று வரும், வெயில் வராது. 1930-களின் பிற்பகுதியில் இதைத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் ஆண்டனின் ரேமண்ட். பொஹீமியாவில் பிறந்தவர், தகப்பனார் யூதர். டோக்கியோவில் கட்டடக் கலைஞராகப் பெயரெடுத்துவிட்டு இங்கே வந்தார். பணம் ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்து, திவான் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்தது. அதனால்தான் கோல்கொண்டாவின் பெயர். வைரம் வாங்க வந்தவர்களின் இனத்தில் பிறந்த ஒருவர், வைரச் சுரங்கத்தின் பெயரில் ஒரு கட்டடம் எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார். நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

அங்கிருந்து மரீன் தெரு ஆசிரமம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். முற்றத்து மரத்தடியில் சமாதி. மேலே பூக்களைக் கோலமாக அடுக்கியிருந்தார்கள். 1950-ல் மறைந்த அரவிந்தரும் 1973-ல் மறைந்த அன்னையும் அங்கே இருக்கிறார்கள். அங்கே பேசக் கூடாது. வெளியே வந்த பிறகுதான் அந்தப் பெண் அம்மாளிடம் சொன்னாள்:

"நீங்க கேட்டது இங்கேதான். அன்னை யூதக் குடும்பத்துல பொறந்தவங்க."

மீரா அல்ஃபாஸா, 1878 பிப்ரவரி 21, பாரிஸ். தந்தை துருக்கியில் அட்ரியானோபிள் ஊர்க்காரர், பாங்கிக்காரர். தாய் எகிப்தில் அலெக்சாந்திரியா. இருவரும் யூதர்கள், இருவருக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. அந்தப் பெண் முதலில் 1914-ல் புதுச்சேரிக்கு வந்தார். 1920-ல் திரும்பி வந்தவர், பிறகு இங்கேயே தங்கிவிட்டார். இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிற விஷயந்தான். எனக்குத் தெரியாமல் இருந்தது.

தெரியாமல் இருந்தது என்பதை நம்பவே முடியவில்லை. ஏனென்றால் அன்னையின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். பாட்டியின் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்கு வலப்பக்கம் அந்தப் படம் இருந்தது. வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு, லேசான சிரிப்பு. தினம் ஒரு செம்பருத்தி வைப்பாள். "பிரான்ஸ் தேசத்திலே பொறந்த மகாலட்சுமிடா" என்பாள். அதற்குமேல் விசாரித்ததில்லை. தெருவில் யார் எந்த ஊர், எந்த வகையறா, யாருக்கு யார் சம்பந்தம் என்று மூன்று தலைமுறை சொல்லக்கூடியவள். இந்த ஒருத்தியிடம் மட்டும் அப்பா யார் என்று கேட்கவில்லை.

அக்கா தன்னோடு வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவரை மணந்துகொண்டபோது எல்லாவற்றையும் விசாரித்தாள். விசாரித்துவிட்டு, வாசற்படி மிதிக்கக் கூடாது என்றாள். முதல் தீபாவளிக்கு அக்கா கிளம்பி வருவதாகத் தகவல் வந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே அவளைப் பார்த்து வரவேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப என்னை அனுப்பினார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். பால் வாங்கிவரச் சொன்னால் போவதைப் போலப் போனேன்.

அக்கா அழவில்லை. பாட்டிக்கென்று கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாட்டி இரண்டு முறுக்குத் தின்றுவிட்டு, "நன்னாப் பண்ணியிருக்கா, யாரு?" என்றாள். சிநேகிதன் வீட்டில் கொடுத்தார்கள் என்று சொன்னேன்.

நடையை முடித்தது பாரதி பூங்காவில், கவர்னர் மாளிகைக்கு எதிரே. 1940-ன் கதையை அந்தப் பெண் அங்கே சொன்னாள். ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. விஷியில் மார்ஷல் பெத்தேனின் அரசாங்கம், லண்டனில் தெகோல். காலனிகள் யார் பக்கம் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இந்தோ-சீனா விஷியோடு நின்றது. இங்கே கவர்னர் லூயி பொன்வேன் செப்டம்பரில் தெகோல் பக்கம் சேர்ந்தார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா. மனச்சாட்சி பாதி என்றால் அரிசி மூட்டை பாதி என்று நினைக்கிறேன். அதனால் அந்தத் தீர்மானம் ஒன்றும் மட்டமாகிவிடாது. அதே செப்டம்பரில் அரவிந்தரும் அன்னையும் நேச நாடுகளின் யுத்த நிதிக்குப் பணம் அனுப்பினார்கள்.

அக்டோபர் 3-ம் தேதி விஷி ஒரு சட்டம் போட்டது. தாத்தா பாட்டிமார் நால்வரில் மூவர் யூதர் என்றால் நீ யூதன்; உத்தியோகம் இல்லை, வாத்தியார் வேலை இல்லை, பத்திரிகை நடத்தக் கூடாது. அல்ஜீரியாவில் அதே மாதம் யூதர்களின் பிரஜா உரிமையையே பறித்தார்கள். இந்தோ-சீனாவுக்கும் அந்தச் சட்டம் போயிற்று. புதுச்சேரிக்கு வரவில்லை. கவர்னர் வேறு மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தால், மரீன் தெருவில் இருந்த அறுபத்திரண்டு வயது அம்மாளின் தாத்தா பாட்டிகளை யாரோ ஒரு குமாஸ்தா எண்ணிப் பார்த்திருப்பான்.

வெளிநாட்டு அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த மாளிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். பாட்டி போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அக்கா கடைசிவரை அந்த வீட்டுக்கு வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் குக்கர் கூவி அடங்கியது.

"பாட்டிக்குத் தெரிஞ்சிருந்தா படத்தை எடுத்திருப்பாளோ?" என்று கேட்டேன்.

"மாட்டாடா. அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லி வச்சுண்டிருப்பா" என்றாள் அக்கா. பிறகு, "எனக்குந்தான் ஒரு காரணம் கண்டுபிடிச்சிருக்கலாம்" என்றாள்.

முறுக்கை அன்றைக்குப் பாட்டி தின்றதையும், நான் பொய் சொன்னதையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், பாட்டி ஏற்றுவாளே அந்த ஆசிரமத்து ஊதுவத்தி, அது இன்னும் கிடைக்கிறதா பார், கிடைத்தால் இரண்டு கட்டு வாங்கி வா என்றாள்.