பால் வேண்டாம் என்றவள்

எங்கள் வீட்டில் ஹாலிவுட்டைப் பார்த்தவர் அப்பா, கேட்டவள் அம்மா. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே, விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இயங்கிய ரீகல் டாக்கீஸில் ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு வருவார். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தப் படி ஏறியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அவர் கதை சொல்ல, அம்மா குழம்புச் சட்டியோடு நின்று 'ம்' கொட்டுவாள்.

'ரோமன் ஹாலிடே' அப்படித்தான் எங்களுக்கு வந்தது. இளவரசி அரண்மனையை விட்டு ஓடுகிறாள். ஒரு பத்திரிகைக்காரன் புத்தி சொல்லிக் கூட்டிவந்து விடுகிறான். அவள் ராஜா காலில் விழுகிறாள். சுபம்.

1953-இல் வில்லியம் வைலர் பாரமவுண்டுக்காக எடுத்த அந்தப் படத்தைப் பிறகு நான் பார்த்தேன். ராஜா படத்தில் வருவதேயில்லை! ஆனாலும் வகுப்பில் அதைக் கிண்டலாகத்தான் சொல்லிவந்தேன். உடன்போக்குப் பாடல்களை உருகி நடத்துகிற எனக்கு, திரும்பி வருகிறவள்மேல் பொறுமை இருந்ததில்லை.

அப்பா போன மறுவருடம், மடிக்கணினியில் அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். வசனங்களை நான் தமிழில் சொல்லச் சொல்ல, ஆட்ரி ஹெப்பர்னின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோம் நகர முடிதிருத்துபவர் தயங்கித் தயங்கிக் கூந்தலை வெட்டும்போது, "வெட்டுய்யா, அவதான் சொல்றாள்ல" என்றாள்.

படத்தின் தொடக்கத்தில் இளவரசிக்கு இரவுப் பால் கொண்டுவந்து படுத்தி எடுப்பார்கள். திரும்பிவந்த இரவிலும் அதே பால் வருகிறது. வேண்டாம் என்கிறாள். தூதரையும் பணிப்பெண்ணையும் வெளியே போகச் சொல்கிறாள். கடமை தெரிந்திராவிட்டால் இன்றிரவு வந்திருக்கவே மாட்டேன் என்கிறாள். எத்தனை முறை பார்த்தும் அந்தப் பாலை நான் கவனித்ததில்லை. அம்மாதான் பிடித்தாள்.

"ஏத்தா, பால் வேணாம்னுட்டா பாரு."

அந்தக் கதையை எழுதிய டால்டன் ட்ரம்போ அப்போது ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தார். கதைக்கான ஆஸ்கர் அவர் நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டர் பெயருக்குப் போனது. ட்ரம்போ இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 1993-இல்தான் அவருக்கு அதை வழங்கினார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் அம்மா சொல்லாமல் சோழவந்தானுக்குப் பஸ் ஏறிவிட்டாள். மூன்றாம் நாள் வீட்டில் இருந்தாள். 'நான்தான் போய்க் கூட்டிவந்தேன்' என்பது அப்பாவின் கதை. முப்பது வருடங்களுக்கு மேலாக, கல்யாண வீடுகளில்கூட அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அப்போதும் அம்மா 'ம்' கொட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"உங்கப்பா வரவே இல்ல," என்றாள் அம்மா. "நானாத்தான் வந்தேன். உனக்குப் பரீட்சை இருந்துச்சு."

பிறகு அந்தப் பால் காட்சியை மறுபடி போடச் சொன்னாள்.